போரிக் அமிலம் எந்தக் கணக்கில் அமிலம்? மூன்று வரையறையில் எதை நம்புவது?

மூன்றாம்பெஞ்ச்

வணக்கம். இளநிலை வேதியியல் முதலாமாண்டு. அமிலம், காரம் இரண்டுக்கும் மூன்று வரையறை படித்திருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். நீரில் கரைந்து ஹைட்ரஜன் அயனி தந்தால் அமிலம், ஹைட்ராக்சைடு அயனி தந்தால் காரம், இது அர்ரீனியஸ். புரோட்டானைக் கொடுத்தால் அமிலம், வாங்கினால் காரம், இது பிரான்ஸ்டெட்-லௌரி. எலக்ட்ரான் இரட்டையை வாங்கினால் அமிலம், கொடுத்தால் காரம், இது லூயிஸ். இதுவரை ஒரு தொல்லையும் இல்லை.

போரிக் அமிலத்துக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். வாய்பாட்டில் மூன்று ஹைட்ரஜன் இருக்கிறது, ஆனால் புத்தகம் அதை ஒரு காரத்துவ அமிலம் (மூலக்கூறுக்கு ஒரு புரோட்டான் மட்டும் வெளிவரும் அமிலம்) என்கிறது. சரி, ஒன்றுதான் வெளியே வருகிறது போல என்று நினைத்தால், அடுத்த வரியிலேயே இது புரோட்டான் வழங்கி அல்ல, லூயிஸ் அமிலம் என்று போட்டிருக்கிறது. புரோட்டானே கொடுக்காத ஒன்றை நீரில் கரைத்தால் பிஎச் ஏன் 7க்குக் கீழே இறங்குகிறது? யாருடைய புரோட்டான் அது?

அறை நண்பனிடம் கேட்டேன். லூயிஸ் வரையறைதான் கடைசியாக வந்தது, எல்லாவற்றையும் உள்ளடக்குவதும் அதுதான், அதனால் அதுதான் சரி, மற்ற இரண்டும் காலாவதி என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். அப்படியானால் ஹைட்ரஜன் குளோரைடு லூயிஸ் அமிலமா, அதில் எலக்ட்ரான் இரட்டையை வாங்கிக்கொள்ளக் காலி ஆர்பிட்டால் (எலக்ட்ரான் தங்கும் இடம்) எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டான். யாராவது விளக்குங்கள்.

பியூரெட்

முதலில் உங்கள் நண்பரின் வரலாற்றைத் திருத்திவிடுகிறேன். பிரான்ஸ்டெட்டும் லௌரியும் தனித்தனியாகப் புரோட்டான் வரையறையைச் சொன்ன ஆண்டு 1923. லூயிஸ் தன் எலக்ட்ரான் இரட்டைக் கருத்தை முதலில் அச்சில் வைத்த ஆண்டும் 1923தான். ஆக 'கடைசியாக வந்தது' என்ற வாதம் எடுபடாது. அப்படியே கடைசியாக வந்ததுதான் சரி என்றாலும் 1939இல் வந்தவையும் உண்டு, அவற்றை அவர் ஏன் கையில் எடுக்கவில்லை என்று கேளுங்கள்.

இப்போது போரிக் அமிலம். நீங்கள் கேட்ட 'யாருடைய புரோட்டான்' என்பதுதான் சரியான கேள்வி, அதைக் கேட்டுவிட்டாலே பாதி முடிந்தது. அது நீரின் புரோட்டான். போரானைச் சுற்றி மூன்று ஓஎச் தொகுதிகள் இருக்கின்றன, வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்தான், ஓர் இடம் காலி. அந்தக் காலியிடத்தில் ஒரு நீர் மூலக்கூறு தன் ஆக்சிஜனின் எலக்ட்ரான் இரட்டையோடு வந்து உட்காருகிறது. உட்கார்ந்ததும் அந்த நீரின் ஹைட்ரஜன்மேல் பிடி தளர்ந்துவிடும், அதைப் பக்கத்திலிருக்கும் இன்னொரு நீர் மூலக்கூறு வாங்கிக்கொண்டு ஹைட்ரோனியம் (புரோட்டான் ஏறிய நீர்) ஆகிவிடும். கடைசியில் மிஞ்சுவது நான்கு ஓஎச் சூழ்ந்த, நான்முகி வடிவ போரேட் அயனி. ராமன் நிறமாலையில் அந்த நான்முகி வடிவம் தெரிகிறது, அதனால் இது வெறும் தாள் கணக்கு இல்லை. ஒரு காரத்துவம் ஏன் என்பதும் இதிலேயே இருக்கிறது, காலியிடம் ஒன்றுதான், எனவே ஒரு மூலக்கூறுக்கு ஒரு புரோட்டான்தான் வெளியேறும். வாய்பாட்டில் உள்ள மூன்று ஹைட்ரஜனுக்கும் அந்த ஒன்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதை அப்படியே கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் அம்மோனியா தெரியும். அம்மோனியாவில் ஓஎச் கிடையாது, ஆனாலும் அதன் கரைசல் காரம். எப்படி? அது நீரிலிருந்து புரோட்டானைப் பிடுங்குகிறது, ஹைட்ராக்சைடு மிச்சமாகிறது. போரிக் அமிலம் நீரிலிருந்து ஹைட்ராக்சைடைப் பிடுங்குகிறது, புரோட்டான் மிச்சமாகிறது. அம்மோனியா காரம் என்று ஒப்புக்கொள்ளும்போது உங்களுக்கு உறுத்தவில்லை, போரிக் அமிலத்தில் மட்டும் உறுத்துகிறது, பெயரிலேயே அமிலம் இருப்பதால் ஹைட்ரஜனை அதற்குள்ளேயே தேடுகிறீர்கள், அவ்வளவுதான். அம்மோனியா விஷயத்தில் இதே தவறைச் செய்துதான் அந்தக் காலத்தில் 'அம்மோனியம் ஹைட்ராக்சைடு' என்று ஒரு மூலக்கூறையே கற்பனை செய்து வைத்தார்கள். இன்றும் புட்டியின்மேல் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும், உள்ளே அப்படியொரு மூலக்கூறு கிடையாது.

ஆகவே ஒரே வினையை மூன்று பேரும் பார்த்தால்: அர்ரீனியஸ், நீரில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு கூடிவிட்டது, அமிலம் என்பார் (தன்னுள்ளிருந்தே தரவேண்டும் என்று கறாராகப் பிடித்தால் தயங்குவார்). பிரான்ஸ்டெட், போரானோடு ஒட்டிக்கொண்ட அந்த நீர் புரோட்டானைக் கொடுத்தது, எனவே சேர்ந்த நிலையில்தான் அது வழங்கி என்பார். லூயிஸ், எனக்கு முதல் படியே போதும், போரான் இரட்டையை வாங்கிவிட்டது என்று எழுந்து போய்விடுவார். மூன்றிலும் பொய் இல்லை.

ஒரு சொந்தக்கதை. படிக்கும் காலத்தில் போரிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்த்தேன், நிறங்காட்டி பினாப்தலீன். இளஞ்சிவப்பு பளிச்சென்று வராமல் பனி கலைவதுபோல மெதுவாக வந்துகொண்டே இருந்தது, மூன்று முறை செய்தால் மூன்று அளவு, ஒன்றுக்கொன்று ஒத்தே வரவில்லை. பியூரெட்டைக் குறை சொன்னேன், கரைசல் தயாரித்தவரைக் குறை சொன்னேன். அப்புறம் மூத்த மாணவர் ஒருவர் வந்து மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போனார், அடுத்த முறை ஒரே சொட்டில் நிறம் மாறியது. போரிக் அமிலத்தின் பிகேஏ (அமில வலுவைக் காட்டும் எண், எண் கூடினால் வலு குறைவு) 9.24, அவ்வளவு வலுக்குறைந்த அமிலத்துக்கு முடிவுப்புள்ளி கூர்மையாக வராது. மானிட்டாலில் அடுத்தடுத்த கார்பனில் இருக்கும் இரண்டு ஓஎச் தொகுதிகள் போரேட்டை இடுக்கிபோலக் கவ்வி நிலைப்படுத்திவிடுகின்றன, சமநிலை அந்தப் பக்கம் இழுபடுகிறது, முன்பைவிட வெகு வலுவான அமிலம்போல நடந்துகொள்கிறது. லூயிஸ் பக்கம் ஒரு பிடியை இறுக்கினால் பிரான்ஸ்டெட் பக்கம் புரோட்டான் தாராளமாக வருகிறது. அன்றைக்குப் புரிந்ததுதான், இந்த இரண்டு வரையறையும் எதிரெதிர்க் கட்சிகள் இல்லை என்பது.

உலர்குடுவை

பியூரெட் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அர்ரீனியஸை ஓரமாகத் தள்ளிவிட்டதுபோல ஆகிவிட்டது. அவர் எந்தக் கேள்விக்குப் பதில் தேடினார் என்பதைப் பார்க்கவேண்டும். 1884இல் அவருடைய ஆய்வேடு, கரைசல்கள் ஏன் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்பதைப் பற்றியது. கரைந்ததுமே பொருள் அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது என்ற பார்வை அங்கிருந்து வளர்ந்தது, அதற்கு 1903இல் நோபல் பரிசும் வந்தது. வலுவான அமிலம் எதை எடுத்து வலுவான காரம் எதோடு நடுநிலையாக்கினாலும் மோலுக்குச் சுமார் 57 கிலோஜூல்தான் வெப்பம் வருகிறது, ஏன்? சோடியமும் குளோரைடும் வேடிக்கை பார்க்கின்றன, நடப்பது ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து நீராவது மட்டும்தான். இவ்வளவு எளிய படத்திலிருந்து இப்படியொரு எண்ணை விளக்க முடிகிறதென்றால் அதை நான் காலாவதி என்று சொல்லமாட்டேன்.

குறை எங்கே என்றால், நீரை விட்டு வெளியே வந்ததும் அதற்குப் பேச்சு வராது. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை நன்றாக உலர்த்திய டொலுவீனில் கரைத்துப் பாருங்கள், கரைசல் மின்சாரத்தைக் கடத்தாது, உலர்ந்த லிட்மஸ் தாள் அசையாது. அதே கரைசலில் அம்மோனியா வாயுவைச் செலுத்தினால் வெள்ளையாக அம்மோனியம் குளோரைடு விழும். நீரும் இல்லை, ஹைட்ராக்சைடும் இல்லை, ஆனால் நடுநிலையாக்கல் நடந்துவிட்டது. இதைப் பேசத்தான் பிரான்ஸ்டெட் வேண்டும்.

பிரான்ஸ்டெட் வந்ததும் ஒரு வினோதமும் கூடவே வருகிறது, அமிலம் என்பது பொருளின் நிரந்தரக் குணம் இல்லை, எதிரே நிற்பது யார் என்பதைப் பொறுத்த வேடம் என்று ஆகிவிடுகிறது. நைட்ரிக் அமிலத்தை வலுவான அமிலம் என்று படித்திருப்பீர்கள். அதை அடர் சல்பூரிக் அமிலத்தில் ஊற்றினால் அது காரமாகிவிடும், நிஜமாகவே புரோட்டானை வாங்கிக்கொள்ளும், வாங்கி நீரை இழந்து நைட்ரோனியம் அயனியாகும். பென்சீனை நைட்ரோ ஏற்றம் செய்வதற்கு இரண்டு அமிலங்களைக் கலப்பது இதற்காகத்தான். அசிட்டிக் அமிலம் நீரில் நோஞ்சான், திரவ அம்மோனியாவில் பயில்வான். பெர்குளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரோகுளோரிக் மூன்றும் நீரில் ஒரே வலுவாகத் தெரியும், ஏனென்றால் நீர் மூன்றின் புரோட்டானையும் முழுதாக வாங்கி ஹைட்ரோனியமாக்கிவிடுகிறது, எல்லாரையும் ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட மாதிரி. புரோட்டானை அவ்வளவு ஆசையாக வாங்காத அசிட்டிக் அமிலத்தைக் கரைப்பானாக எடுத்தால் மூன்றுக்கும் வலுவில் வித்தியாசம் தெரிய வரும், பெர்குளோரிக் முந்தி நிற்கும்.

நான் வேலை செய்வது கரிமத் தொகுப்பில், தினமும் அலுமினியம் குளோரைடும் போரான் டிரைபுளோரைடும் கையில் புழங்குகின்றன. இரண்டிலும் ஹைட்ரஜன் கிடையாது, ஆக அன்றாடப் பேச்சில் எனக்கு லூயிஸ்தான். ஆனால் லூயிஸிடம் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, புத்தகங்கள் அதை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. வலுவை அளக்க ஒரே அளவுகோல் இல்லை. பிரான்ஸ்டெட்டில் பிகேஏ என்று ஓர் எண் இருக்கிறது, அட்டவணையைத் திறந்து எந்தப் பக்கம் சமநிலை சாயும் என்று சொல்லிவிடலாம். லூயிஸ் அமிலத்தில் எந்தக் காரத்தை எதிரே நிறுத்துகிறீர்களோ அதற்கேற்ப வரிசையே மாறும். அலுமினியம் அயனி புளோரைடை விரும்பும், அயோடைடைச் சீண்டாது, பாதரச அயனி நேர் எதிர். அதனால்தான் 1963இல் பியர்சன் கடின அமிலம் (அலுமினியம் அயனிபோல), மென் அமிலம் (பாதரச அயனிபோல) என்று பிரிக்க வேண்டியிருந்தது. அதுவும் போக்கைச் சொல்லுமே தவிர எண்ணைச் சொல்லாது.

கசடு

எல்லாரும் கரைசலிலேயே நிற்கிறீர்கள், நான் உருகிய பொருள்களோடு வேலை செய்பவன், அதனால் என் பங்குக்கு ஒன்று. ஊதுலையில் மணலையும் சுண்ணாம்பையும், அதாவது சிலிக்காவையும் கால்சியம் ஆக்சைடையும் சேர்த்தால் கால்சியம் சிலிக்கேட் கசடாக உருகி ஓடுகிறது. எங்களுக்கு அது அப்பட்டமான அமில கார வினை, 'அமிலக் கசடு', 'காரக் கசடு' என்றுதான் பேசுவோம், உலையின் உட்பூச்சுச் செங்கலைக்கூட அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்போம், தவறாகத் தேர்ந்தெடுத்தால் கசடு செங்கலைத் தின்றுவிடும். இதில் புரோட்டான் எங்கே? ஒன்றுகூட இல்லை. இதற்காகவே லக்ஸ் 1939இல் சொன்னதை ஃப்ளட் 1947இல் விரித்தார். ஆக்சைடு அயனியைக் கொடுப்பது காரம், வாங்கிக்கொள்வது அமிலம். கால்சியம் ஆக்சைடு கொடுக்கிறது, சிலிக்கா வாங்குகிறது.

லூயிஸ் வழியிலும் இதைச் சொல்லிவிடலாம், ஆக்சைடு அயனிதான் இரட்டையைத் தருகிறது என்று. ஆனால் எந்த உருகலில் ஆக்சைடு அயனி எவ்வளவு நடமாடுகிறது என்பதுதான் எனக்கு வேண்டிய செய்தி. அதைப் பெயரிலேயே வைத்திருக்கும் வரையறை எனக்கு வசதி.

மூன்றாம்பெஞ்ச்

நன்றி. பியூரெட் சார், அம்மோனியாவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னீர்களே, அதில்தான் எனக்கு விளக்கு எரிந்தது. ஆனால் ஹைட்ரஜன் குளோரைடு கேள்வியை எல்லாரும் சுற்றி வளைத்துத் தாண்டிவிட்டீர்கள். அது லூயிஸ் அமிலமா, இல்லையா? அதோடு, எல்லாவற்றையும் அடக்கும் வரையறை என்று ஒன்று உண்டா?

பியூரெட்

தாண்டவில்லை, மறந்துவிட்டேன். கறாராகச் சொன்னால் லூயிஸ் அமிலம் ஹைட்ரஜன் குளோரைடு இல்லை, அதற்குள்ளிருக்கும் புரோட்டான். லூயிஸ் கண்ணில் ஹைட்ரஜன் குளோரைடு என்பது புரோட்டானும் குளோரைடும் ஏற்கனவே கைகோத்த ஒரு சேர்க்கை. அம்மோனியா வந்து குளோரைடைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஒரு காரத்தை இன்னொரு காரம் துரத்துகிறது. ஆகப் புரோட்டான் பரிமாற்றம் எல்லாமே லூயிஸுக்குள் அடங்கும், ஆனால் பிரான்ஸ்டெட் 'அமிலம்' என்று விரல் நீட்டும் அதே பொருளை லூயிஸ் நீட்டமாட்டார். 'லூயிஸ் எல்லாவற்றையும் உள்ளடக்கியது' என்று சொல்லும்போது இந்த நுணுக்கம் தொலைந்துவிடுகிறது.

உலர்குடுவை

சின்னத் திருத்தம். காலி ஆர்பிட்டால் ஹைட்ரஜன் குளோரைடில் இல்லவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், பிணைப்பு எதிர் ஆர்பிட்டால் (எலக்ட்ரான் ஏறினால் பிணைப்பைத் தளர்த்தும் ஆர்பிட்டால்) காலியாகத்தான் இருக்கிறது. அம்மோனியாவின் தனித்த இரட்டை அதை நோக்கித்தான் வரும், அதில் எலக்ட்ரான் ஏற ஏற ஹைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் இடையிலான பிணைப்பு தளரும். பாதி வழியில் நின்றுவிட்டால் அது ஹைட்ரஜன் பிணைப்பு, முழுதும் போனால் புரோட்டான் பரிமாற்றம். வேடிக்கை என்னவென்றால் வாயுநிலையில் ஒரேயொரு ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறையும் ஒரேயொரு அம்மோனியா மூலக்கூறையும் தனியே சந்திக்க விட்டால் புரோட்டான் மாறுவதே இல்லை, ஹைட்ரஜன் பிணைப்போடு நின்றுவிடுகின்றன. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை திண்மத் துகள், சுற்றியிருக்கும் அயனிகள் தாங்கிப் பிடிப்பதால்தான் அங்கே அம்மோனியமும் குளோரைடும் பிரிந்து நிற்க முடிகிறது. பள்ளியில் முதல் பாடமாகக் காட்டும் வினை இது!

சொட்டுக்குழாய்

எல்லாவற்றையும் அடக்குவது வேண்டுமென்றால் உசனோவிச் இருக்கிறார், 1939. நேர்மின் அயனியைக் கொடுத்தாலும் அமிலம், எதிர்மின் அயனியை வாங்கினாலும் அமிலம், எலக்ட்ரானை வாங்கினாலும் அமிலம். அதன்படி ஆக்சிஜனேற்றிகளும் அமிலம்தான், சோடியம் குளோரினோடு எரிவதும் அமில கார வினைதான். வலை அவ்வளவு பெரிது, மீனோடு குளமும் வந்துவிடும். அதனால்தான் பெரும்பாலான பாடப்புத்தகங்களில் ஒரு பத்தியோடு விட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தில் லவாய்சியர் இருக்கிறார், எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருந்தே ஆகவேண்டும் என்றார். ஆக்சிஜன் என்ற பெயருக்கே கிரேக்கத்தில் அமிலத்தை உண்டாக்குவது என்றுதான் பொருள். 1810இல் டேவி, குளோரின் ஒரு தனிமம், இன்று நாம் ஹைட்ரோகுளோரிக் என்று சொல்லும் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது என்று காட்டியதும் அந்த மாளிகை சரிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. லூயிஸ் பின்னாளில் இதையே சொல்லிக் குத்தினார், ஹைட்ரஜன் உள்ளவைதான் அமிலம் என்பது, ஆக்சிஜன் உள்ளவைதான் ஆக்சிஜனேற்றி என்பதுபோல என்று. அந்த ஒப்புமைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

மூன்றாம்பெஞ்ச்

சரி, புரிந்ததா என்று என்னை நானே சோதித்துப் பார்க்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். நீரற்ற அலுமினியம் குளோரைடு லூயிஸ் அமிலம். அதை நீரில் போட்டால் கரைசல் அமிலமாகிறது. அலுமினியம் அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் இரட்டையைக் கொடுத்து உட்காருகின்றன, அதுவரை லூயிஸ். பிறகு அந்த ஆறில் ஒன்றின் ஹைட்ரஜன் தளர்ந்து வெளியே போகிறது, அது பிரான்ஸ்டெட். நீரில் ஹைட்ரோனியம் கூடுகிறது, அது அர்ரீனியஸ். போரிக் அமிலத்தின் அதே கதைதானே?

பியூரெட்

அதே கதைதான், தம்பி. அந்த ஆறு நீர் சூழ்ந்த அயனியின் பிகேஏ 5ஐ ஒட்டி வரும், கிட்டத்தட்ட அசிட்டிக் அமிலத்தின் வலு. ஒரே ஒரு வித்தியாசம், போரான் ஒரு புரோட்டானோடு நிறுத்திக்கொள்ளும், அலுமினியம் அப்படி நிற்காது. காரம் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொன்றாகக் கொடுத்து, மூன்று போனதும் ஹைட்ராக்சைடாக வெள்ளையாக வீழ்படியும், இன்னும் காரம் ஊற்றினால் இன்னொரு ஹைட்ராக்சைடையும் வாங்கிக்கொண்டு மறுபடி கரைந்துவிடும். அந்தக் கடைசிப் படியில் யார் அமிலம், எந்த வரையறைப்படி என்று உங்கள் அறை நண்பரைக் கேளுங்கள், தூக்கம் கலைந்திருந்தால்.

உலர்குடுவை

கேட்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை, நீரற்ற அலுமினியம் குளோரைடை நீரில் போட்டு நீங்களே செய்து பார்க்கப் போகாதீர்கள். சீறிக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். ஏற்கனவே நீரேறிய உப்பை எடுத்துக் கரையுங்கள், உங்களுக்கு வேண்டிய வேதியியல் முழுக்க அதிலேயே இருக்கிறது.